கடல் தண்ணீருக்கு மட்டும் கத்தும் மெஷின்

செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறியதும் நான் செய்த முதல் காரியம், தப்பான பக்கத்தில் உட்கார்ந்ததுதான். வலப்பக்க ஜன்னலோரம் காற்று வரும் என்று போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின் ஏறிய ஆண்கள் என் பக்கத்து இடத்தைப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே வந்தார்கள். எனக்குக் காரணம் புரியவில்லை. கண்டக்டர்தான் வந்து சொன்னார்.

"எம்மா, லேடீஸ் சீட்டு அந்தாண்ட கீது. அங்க போய் குந்து."

எழுந்து இடப்பக்கம் போனேன். டிக்கெட்டுக்குப் பணம் நீட்டினால் வாங்கவில்லை. "லேடீஸுக்கு டப்பு இல்லம்மா" என்று ஒரு சீட்டைக் கையில் திணித்தார். நான் மலேசியாவிலிருந்து வருகிறேன், எனக்கு இந்த ஊரில் ஓட்டுகூடக் கிடையாது என்று விளக்கினேன். "பொம்பளதான?" என்றார். சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் நாட்டில் கோலாலம்பூர் ரயிலிலும் பெண்களுக்கென்று இளஞ்சிவப்பு நிறத்தில் அறிவிப்பு ஒட்டிய பெட்டி உண்டு. நான் அதில் ஏறியதே இல்லை. ஏறாததில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பினாங்கில் ஒரு தொழிற்சாலையில், இயந்திரப் பழுது பார்க்கும் பிரிவில் ஓய்வு பெறும் வரை நான் ஒருத்திதான் பெண். யாரும் எனக்குத் தனி அறை போட்டு எதையும் சொல்லித் தரவில்லை.

நான் வந்த வேலைக்கும் இந்தக் கர்வத்துக்கும் தொடர்பு இருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கும் மின்னணு வகுப்புக்கு பினாங்கில் எங்கள் சங்கம் பணம் அனுப்புகிறது. அதைப் பெண்களுக்கு மட்டும் நடத்துவதா, பையன்களையும் சேர்ப்பதா என்று கூட்டத்தில் சண்டை. நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை என்பதால் என்னை அனுப்புவது எல்லாருக்கும் சுலபமாக இருந்தது. சேர்த்தே நடத்தட்டும் என்பதுதான் என் கட்சி.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா என் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்டியாவா வந்துகிற?" என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. "தனியாவான்னு கேக்கறேன்" என்றார். ஆமாம் என்றேன். அவர் உச்சுக்கொட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பினாங்கில் நாங்கள் 'தனியா' என்றுதான் சொல்வோம். அதைச் சொல்லும்போது இப்படி யாரும் உச்சுக்கொட்டியதில்லை.

மறுநாள் காலை லாட்ஜ் உணவகத்தில் சர்வரிடம் என் ஊர் வழக்கப்படி, "தம்பி, பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "நாஸ்தாவா மேடம்? இட்லி வடகறி கீது. எத்தினி பேரு?"

"ஒருத்திதான்."

நான்கு பேர் உட்காரும் மேசையில் என்னை உட்காரவைத்து, மற்ற மூன்று தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு போனார். வடகறி நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல எதிரே ஆள் இல்லை. அடுத்த மேசையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் போனில் யாரிடமோ ஆங்கிலத்தில், 'இங்கே எல்லாரும் என் கணவர் எங்கே என்றே கேட்கிறார்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தோம். இருவரும் மேசை மாறவில்லை.

வகுப்பு, குப்பத்தின் சமுதாயக் கூடத்தில். கதவில் பெரிய எழுத்தில் 'பெண்கள் மட்டும்' என்று ஒரு அட்டை. வகுப்பை நடத்துகிற கலைச்செல்வி ஊரப்பாக்கத்திலிருந்து வருகிறவர். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்துவிட்டு இதற்கு வந்தவர். பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"ஃபர்ஸ்ட் டே இந்த போர்டப் பாத்துட்டு பாதி ஊர் வந்துடுச்சு மேடம்" என்றார். "எல்லாம் கல்யாணமான லேடீஸ். உள்ள வந்து சுத்தி சுத்திப் பாக்கறாங்க. 'மெஷின் எங்க?'ன்னு கேக்கறாங்க. பொம்பளைங்களுக்கு இலவசப் பயிற்சின்னா இங்க தையல் மெஷின்தான். வேற ஒண்ணு இருக்கும்னு யாரும் நினைக்கல. நாங்க சால்டரிங் அயர்னக் காட்டினதும் சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. பொண்ணுங்க மட்டும் நின்னாங்க."

உள்ளே ஒரே கூச்சல். நான் எதிர்பார்த்தது வேறு. பெண்பிள்ளைகள் மட்டும் என்றால் தலைகுனிந்து, நோட்டில் கோடு போட்டு, மெதுவாகப் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இங்கே மோனிஷாவும் கோமதியும் ஒரு சின்ன சர்க்யூட் பலகைக்காக அடித்துக்கொள்ளாத குறை. இருவரும் ஒன்பதாவது படிக்கிறவர்கள். அவர்கள் செய்துகொண்டிருந்தது, போட்டுக்குள், அதாவது படகுக்குள், தண்ணீர் ஏறினால் கத்துகிற கருவி. இரண்டு கம்பிகள் தண்ணீரில் நனைந்தால் பஸ்ஸர் கத்தும், அவ்வளவுதான். ஆனால் ஈரக் கை பட்டாலும் கத்தித் தொலைத்தது.

"போட்டுல எப்பவும் ஈரந்தான்டி. நாள் பூரா கத்திகினு இருந்தா எங்க நைனா இத்த தூக்கிக் கடல்ல போட்டுடும்" என்றாள் மோனிஷா.

"அதுக்குன்னு ரொம்ப கம்மி பண்ணாத லூசு. போட்டு முழுவனப்பறம் கத்தி இன்னா பண்றது?" என்றாள் கோமதி.

"நீதான்டி லூசு. ரெசிஸ்டர மாத்து."

"நீ மாத்து. நா போன தபா மாத்திட்டேன்."

மாற்றினார்கள். வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து தோய்த்தார்கள். மறுபடி சண்டை, மறுபடி மாற்றினார்கள். கடைசியில் ஈரக் கைக்கு வாயே திறக்காமல், வாளிக்குள் விட்டதும் கூரை அதிரக் கத்தியது. இரண்டு பேரும் அதைவிட அதிகமாகக் கத்தினார்கள். எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

"எப்போதும் இப்படித்தானா?" என்று கலைச்செல்வியிடம் கேட்டேன்.

"ஸ்கூல்ல வாயே திறக்க மாட்டாங்க மேடம். பசங்க கையில ஒயரு, இவங்க கையில சார்ட்டு. 'நீங்கதான் கலர் நல்லா அடிப்பீங்க'ன்னு நல்லபடியா சொல்லிக் குடுத்துடுவாங்க. இவங்களும் நல்லா அடிப்பாங்க."

மூன்றாம் நாள் சிக்கல் வந்தது. சனிக்கிழமை செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அங்கே தேர்வானால் விடுமுறையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் போய்க் கற்கலாம். மோனிஷாவும் கோமதியும் போவதாக ஏற்பாடு. அங்கே பையன்களும் உண்டு என்று தெரிந்ததும் கோமதி வீட்டில் முடியாது என்றுவிட்டார்கள். கோமதி வகுப்புக்கே வரவில்லை.

மோனிஷா வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவள் கம்பியை முறுக்கிக்கொண்டே, "எங்க வூட்ல இது மெஷின் கிளாஸுன்னு சொல்லிகிறேங்க்கா" என்றாள்.

"மெஷின் கிளாஸ்தானே?"

"அவங்க தையல் மெஷின்னு நெனச்சிகினு கீறாங்க. நா மாத்தி சொல்லல."

கலைச்செல்வி என்னைத் தனியே கூப்பிட்டு, இதைக் கிளற வேண்டாம் என்றார். தையல் போட்டி என்றே நினைக்கட்டும், ஒரு நாள்தானே, போய்விட்டு வந்துவிடலாம் என்றார். எனக்கு அது சரிப்படவில்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைப் பொய் சொல்லி பஸ் ஏற்றிக் கூட்டிப்போக எனக்குத் தைரியம் போதாது. மாலை மோனிஷாவோடு அவள் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் அப்பா தனசேகர் கரையில் ஃபைபர் போட்டின் இன்ஜினைத் திறந்துவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று மோனிஷா சொன்னாள். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். உங்கள் பெண் போவது தையல் வகுப்பு இல்லை என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும். இத்தினி நாளா போவுது, ஒரு ஜாக்கெட்டு வூட்டுக்கு வரல. கைல சூடு பட்ட தழும்போட வருது. தையல் மெஷின்ல எங்கனா கை சுடுமா?"

மோனிஷா மணலைப் பார்த்தாள்.

"அப்புறம் ஏன் கேக்கல?" என்றேன்.

"சிரிச்சிகினு வருது. சிரிச்சிகினு துன்னுது. எதுக்குக் கேட்டுகினுன்னு வுட்டுட்டேன்." துணியை உதறித் தோளில் போட்டார். "செங்கல்பட்டுல பசங்க இருப்பாங்களா?"

"இருப்பாங்க."

"பொம்பளைங்க மட்டும்னு கதவாண்ட எழுதிகீதேன்னுதான நா அனுப்புனேன்."

அந்த அட்டையை நம்பித்தான் அவர் மகளை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியிருக்கிறார். இப்போது அதே அட்டையைக் காட்டித்தான் நிறுத்துகிறார். இரண்டு முறையும் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

"கோமதி வருதா?"

"இல்லை."

"அப்ப இது ஒண்டியா?"

"நான் கூடப் போறேன்" என்றேன்.

அவர் அப்போதுதான் என்னை முழுசாகப் பார்த்தார். "நீயே ஒண்டியா வந்துகிற. இருட்டிட்டா உன்னத் தேட ஆளு கீதா?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. மகளை அனுப்புகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதைத்தான் கேட்டார். இல்லை என்றேன். யோசிச்சி சொல்றேன் என்று இன்ஜின் பக்கம் திரும்பிவிட்டார். லாட்ஜுக்குத் திரும்பும் வழியெல்லாம் கல் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. ஆட்டோக்காரர் ஏதோ பேச்சுக் கொடுத்தார். எனக்குக் காதில் ஏறவில்லை. உன்னைத் தேட ஆள் இருக்கிறதா என்று என்னிடம் யாரும் இத்தனை நேராகக் கேட்டதில்லை. சங்கரா மீன் வறுவல் சொல்லி, பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமையும் வகுப்பு உண்டு என்பதால் கலைச்செல்வி வரவில்லை. வருவார்களா என்று தெரியாமலே நான் நின்ற பஸ் நிறுத்தத்தில் காலையில் தனசேகரின் வண்டி வந்து நின்றது. பின்னால் பள்ளிச் சீருடையில் மோனிஷா, மடியில் அட்டைப் பெட்டி. "சாயங்காலம் வூட்டாண்ட கொண்டாந்து வுட்டுடு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். மனம் மாறியது எப்படி என்று பஸ்ஸில் மோனிஷாதான் சொன்னாள்.

"நேத்து நைனா போட்டுல வெச்சிப் பாத்துச்சிக்கா. கடல் தண்ணி மொண்டு ஊத்துச்சி. மெஷினு கத்துச்சி. காத்தால நைனாவே கெளம்புன்னுச்சி."

பள்ளி மண்டபத்தில் வரிசையாக மேசைகள். பெண்களும் நிறைய வந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் செடி, சத்துணவு, மழைநீர் சேகரிப்பு மேசைகளில் இருந்தார்கள். மின்சாரக் கருவிகள் வைத்த கோடியில் மோனிஷா ஒருத்திதான். கூட வந்தவர்கள் சுவரோரம் உட்கார வேண்டும், மேசைப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நான் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

நடுவர் அவளிடம் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவள் தணிந்த குரலில் விளக்கினாள். கூடத்தில் கூரை அதிரக் கத்திய பெண் இவள்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. செய்து காட்டச் சொன்னார். மண்டபத்துக் குடிநீர் கேனிலிருந்து ஒரு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்கள். மோனிஷா கம்பியை விட்டாள்.

கத்தவில்லை.

எடுத்துத் துடைத்து மறுபடி விட்டாள். பேட்டரியைத் தட்டினாள். மூச்சில்லை. எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஈரக் கைக்குக் கத்தக் கூடாது என்று உணர்வைக் குறைத்துக் குறைத்து, கடல் தண்ணீரின் உப்புக்கு மட்டும் வாய் திறக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். உப்பே இல்லாத கேன் தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே படவில்லை. போய்ச் சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்த மேசைப் பையன் எட்டிப் பார்த்தான். "வுடு, நா பாக்கறேன்" என்று கையை நீட்டினான். குரலில் கேலி இல்லை, நிஜமான கரிசனம். மோனிஷா பலகையை அவனிடம் கொடுத்துவிட்டாள். அவன் ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தான். இன்னும் இரண்டு பேர் வந்து குனிந்தார்கள். அவள் கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, தன் மெஷினைத் தள்ளி நின்று பார்த்தாள். நடுவர் "டென்ஷன் வேணாம்மா, பொறுமையா பாரு" என்று சொல்லி அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

என் தொழிற்சாலையிலும் ஆண்கள் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தார்கள். நான் தடுமாறினால் திட்ட மாட்டார்கள். சிரித்தபடி கையிலிருந்து வாங்கி, அவர்களே சரிசெய்துவிட்டுப் போவார்கள். போடி லூசு என்று சொல்லி என் கையிலேயே விட்டுவைக்க அங்கே ஒருத்தர் இல்லை. இதை அதுவரை நான் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. அந்தச் சுவரோரத்தில் உட்கார்ந்து நினைத்தேன், அழுகை வந்தது.

மோனிஷா எப்போது வெளியே போனாள் என்று கவனிக்கவில்லை. திரும்பி வரும்போது கையில் கல்லுப்பு. மதியச் சாப்பாடு வேகிற இடத்தில் வாங்கியிருக்கிறாள். கிண்ணத்தில் போட்டுக் கலக்கி, பையனிடமிருந்து பலகையை வாங்கி, கம்பியை விட்டாள். மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. பையன்கள் கைதட்டினார்கள். நடுவர் அதற்குள் வரிசையின் மறுகோடியில் இருந்தார். அங்கிருந்தே சிரித்துக் கட்டைவிரலைக் காட்டினார், அதோடு சரி.

தேர்வானவர்கள் பெயரைப் படித்தபோது அவள் பெயர் இல்லை.

திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் வருகிற வண்டியில் ஏறிக்கொள்ளச் சொன்னார். எல்லாரும் புளியமர நிழலில் நின்றோம். நுங்கு விற்றார்கள், வாங்கிக் கொடுத்தேன். மோனிஷா கட்டைவிரலால் நோண்டித் தின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பசங்க இல்லாத இடந்தான் நல்லா இருக்கா மோனிஷா?"

அவள் யோசித்தாள். "பசங்க பேஜாரு இல்லக்கா. அந்தப் பையன் நல்ல பையன்தான். கோமதி இருந்தா கத்திகினு இருந்திருப்போம். கத்தும்போதுதான் எனக்கு ஐடியா வரும், உப்பும் சட்டுனு ஞாபகம் வந்திருக்கும். அங்க ஒண்டியா நிக்கும்போது ஒண்ணுமே வரல. மண்டை அப்டியே காலியாயிடுச்சி."

மிச்ச நுங்கையும் நோண்டித் தின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ எப்டிக்கா அத்தினி வருஷம் ஒண்டியா இருந்த?"

இதற்கு என்னிடம் எப்போதும் தயாராக ஒரு பதில் உண்டு. சங்கக் கூட்டங்களில் சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அது வாய்வரை வந்து நின்றுவிட்டது. பின்னால் வண்டி வந்தது. ஏறிக்கொண்டோம்.

தனசேகர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "இன்னா ஆச்சு?"

"கத்தல நைனா. நல்ல தண்ணி ஊத்திட்டாங்க."

"நல்ல தண்ணிக்கு எதுக்குக் கத்தணும்? போட்டுக்குள்ள நல்ல தண்ணியா ஏறும்?" என்றார். அவர் கேட்டதில் தவறே இல்லை. மோனிஷா சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அவர் என்னிடம், "சாப்ட்டுப் போ. ஒண்டியா போய் இன்னா துன்னப் போற?" என்றார். இறால் தொக்கும் சோறும். வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் எழுந்து வர மனம் வரவில்லை.

மறுநாள் லாட்ஜைக் காலி செய்கிற நேரத்தில் பினாங்கிலிருந்து சங்கச் செயலாளர் கூப்பிட்டார். பெண்கள் மட்டுமா, சேர்த்தா, சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார். நான் கண்காட்சியைப் பற்றிச் சொன்னேன்.

"பார்த்தீங்களா, தனியா வச்சு சொல்லிக் கொடுத்தா வெளியே வந்ததும் நிக்க முடியலை. நீங்க சொன்னதுதான் சரி" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "நான் சொன்னது சரியில்லை. அந்த அட்டை இல்லைன்னா அந்தப் பிள்ளை வீட்டைவிட்டே வந்திருக்காது. அட்டை இருக்கட்டும். வெளியே அனுப்பும்போது ஒருத்தியை மட்டும் அனுப்பாதீங்க. இன்னொரு வீட்டுக்கும் நடந்து போய்க் கேளுங்க. வரலைன்னா திரும்பவும் போங்க. நான் கோமதி வீட்டுக்குப் போகலை, போயிருக்கணும்."

"நீங்களே இப்படிச் சொன்னா எப்படி? நீங்க அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல ஒத்தை ஆளா நின்னு காட்டினவங்களாச்சே. உங்களுக்கு என்ன கஷ்டமாவா இருந்துச்சு?"

"ஆமா" என்றேன். "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அவர் பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

செங்கல்பட்டு பஸ் வந்தது. கண்டக்டர் எதுவும் சொல்வதற்கு முன்பே இடப்பக்கம் போனேன். காலி சீட்டுகள் நிறைய இருந்தன. மடியில் கூடையோடு ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.